லோவலின் முகம்

எங்கள் ஊரில் எந்த ஆலை மூடினாலும் அடுத்த திங்கட்கிழமை காலை என் கவுண்டர் முன்னால் வரிசை நிற்கும். ஸ்டோனி ஃபோர்க் சமுதாயக் கல்லூரியில் சேர்க்கைப் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். காலுறை ஆலை மூடியபோது பெண்கள் வந்தார்கள். பாதிப் பேர் நர்சிங் உதவியாளர் படிப்புக்குப் போனார்கள். நூற்பாலை மூடியபோது புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அவன் வெல்டிங், அவள் கம்ப்யூட்டர். 2005 ஜனவரியில் நாற்காலி ஆலை மூடியபோது வரிசை கட்டடத்தைத் தாண்டி, உறைபனி பிடித்த படிக்கட்டு வரை போனது.

அந்த நாற்காலி ஆலை பெற்ற பிள்ளைதான் எங்கள் கல்லூரி. அறுபத்து மூன்றில் ஆலைக்காரர்களுக்குக் கை பழகிய ஆட்கள் வேண்டியிருந்தது. தங்கள் கிடங்கின் பின்பாதியைக் கொடுத்தார்கள். ஆறு தையல் மெஷின், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பதினொரு மாணவர்கள். நாற்காலிக்கு மெத்தை தைப்பது, துணி போர்த்துவது, அவ்வளவுதான் பாடம். அந்தப் பதினொரு பேரில் என் அம்மாவும் ஒருத்தி. பிறகு எங்கள் கவுண்டி, அதாவது மாவட்ட, நிர்வாகம் மேட்டிலிருந்த பழைய பால்பண்ணையை வாங்கிச் செங்கல் கட்டடங்கள் எழுப்பியது. நர்சிங் வந்தது, கார் மெக்கானிக் வந்தது, மின்கம்பம் ஏறுகிற வேலை, முடி திருத்தம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் பன்னிரண்டாவது முடிக்க பாப்டிஸ்ட் சர்ச்சின் அடித்தளத்தில் வகுப்பு நடந்தது. பதினெட்டு வயதும் ஒரு முகவரியும் இருந்தால் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டம். நான் அனுப்பியதில்லை.

கடைசியாக வந்தது இறுதிச்சடங்குப் பணிக்கான இரண்டு வருடப் படிப்பு. தொண்ணூற்று ஐந்தில் ஆரம்பித்தார்கள். பிரேதத்தைப் பதப்படுத்துவது, அதற்கு உடை மாட்டுவது, அடக்கத்தை நடத்திக்கொடுப்பது. ஊரில் அதற்குப் பொணப் படிப்பு என்று பேர். "பொறக்க ஒரு படிப்பு வச்சாச்சு, சாக ஒரு படிப்பு வச்சாச்சு, நடுவுல இருக்கிறவனுக்குத்தான் வேலை இல்ல" என்று முடிதிருத்தும் கடையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

கார்லண்ட் ஸ்டாம்பர் அந்த ஜனவரி வரிசையில் மூன்றாவது நாள் வந்தான். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவன். ஐம்பத்தொரு வயது. நெடிய ஆள், ஆனால் முப்பத்தொரு வருடம் குனிந்தே வேலை பார்த்ததில் தோள்கள் முன்னுக்கு வந்துவிட்டன. ஆலையின் கடைசி அறையில் அவனுக்கு வேலை. செய்து முடித்த நாற்காலி அங்கே வந்து சேர்வதற்குள் எங்காவது இடிபட்டிருக்கும், கீறியிருக்கும். அரக்குக் குச்சியைச் சுட்ட கத்தியால் உருக்கி அந்தப் பள்ளத்தில் விட்டு, வழித்து, ஊசி போன்ற தூரிகையால் மரத்தின் ரேகையை மேலே வரைவான். உலர்ந்த பிறகு அவனைத் தவிர யாருக்கும் இடம் தெரியாது. நகக்கண்ணில் வாதுமைப் பழுப்பு நிறம் ஏறிக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் போனதில்லை.

படிப்புகளின் பட்டியலை மூன்று தரம் படித்தான். ஏ.சி. ரிப்பேர் படிப்பில் இன்னும் நாலு இடம் இருக்கிறது என்றேன். தலையாட்டினான். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தான். விரல் வரி மாறிவிட்டதோ என்று அந்தப் பேரை வாய்விட்டுப் படித்துக்காட்டினேன்.

"அதுதான், மிஸ் லொரீன்."

"கிளெண்டாகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லணும்" என்றான். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

நான் ஏன் கேட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கும் பெண்டாட்டி கிளெண்டாவுக்கும் ஒரே மகன், லோவல். பத்தொன்பது வயதில் போனான். தொண்ணூற்று மூன்று நவம்பரில், காலை மூடுபனியில், மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று ஆற்று வளைவில் நின்றிருந்தது. வேலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்த பையன் அதைப் பார்க்கவில்லை. பிரேதங்களைத் தயார் செய்யும் கூடம் அப்போது ஊரில் ஒன்றுதான் இருந்தது, டாலிவர் கூடம். ஓட்டோ டாலிவர் கார்லண்டை ஓரமாக அழைத்து, பெட்டியை மூடியே வைக்க வேண்டும், முகத்தை ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். கார்லண்ட் தாளில் கையெழுத்துப் போட்டான். மூடிய பெட்டிக்கு மேல் பள்ளிக்கூடத்துப் போட்டோவை வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் அந்தப் போட்டோவுக்கு முன்னால்தான் அழுதோம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை என்று எதுவும் கேட்டதில்லை. பேச்சும் அதிகம் கேட்டதில்லை. கிளெண்டா தொடக்கப் பள்ளிச் சமையலறையில் வேலைக்குப் போனாள், வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்காருவார்கள். புதிதாக வருகிறவர்கள் அங்கே உட்காரப் போனால் யாராவது கண்ணைக் காட்டுவோம்.

அவன் அந்தப் படிப்பில் சேர்ந்தது கிளெண்டாவுக்கு என் மூலம் தெரியவில்லை. ஆனால் கோபம் என் மேலும் இருந்தது. ஆறு மாதம் கழித்து, ஜூலையில், பீன்ஸ் நார் உரிக்க என் சமையலறைக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஊர்ல எத்தனை படிப்பு இருக்கு. அவனுக்கு அதுதான் கண்ணுல பட்டுச்சா?"

வேலை நிச்சயமாகக் கிடைக்கிற படிப்பு அது, ஊரில் வயதானவர்கள்தான் மிச்சம் என்றேன்.

"வேலைக்கா போறான் அவன்?" என்றாள். ஒரு கைப்பிடி பீன்ஸை ஒடித்துப் போட்டாள். "ஞாயித்துக்கிழமை அவன்தான் பிஸ்கட் சுடுவான், உனக்குத் தெரியும். இப்ப மாவுல அவன் கைய பாத்தா எனக்கு எறங்க மாட்டேங்குது. கழுவுறான். முழங்கை வரைக்கும் கழுவுறான். அதப் பாத்தா இன்னும் மோசமா இருக்கு."

சர்ச்சிலும் சிலர் அவனுக்குக் கை கொடுப்பதை விட்டுவிட்டார்கள். அவன் அதைக் கவனித்து, இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளப் பழகினான்.

படிப்பு அவனுக்குச் சுலபமாக இல்லை. உடற்கூறியல், வேதியியல், சட்டம், துக்கத்தில் இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பாடம். வகுப்பில் பாதிப் பேர் இருபது வயது, அப்பாவோ மாமாவோ இதே தொழிலில் இருப்பவர்கள். முதல் வேதியியல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கினான். பேரை நீக்கிவிடச் சொல்லத்தான் என் கவுண்டருக்கு வந்தான் என்று நினைக்கிறேன். வந்து நின்றுவிட்டு, நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுவிட்டுப் போனான். எலும்புகளின் பெயரை அட்டையில் எழுதி லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே வரிசையாகச் செருகி வைத்திருந்தான். பெட்ரோல் போட நிற்கும்போது அவன் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வருடம் முகச்சீரமைப்பு என்கிற பாடம் வந்தது. விபத்திலோ நோயிலோ கெட்டுப்போன முகத்தை, வீட்டார் பார்க்கிற மாதிரி மெழுகு கொண்டு திரும்பச் செய்வது. லீலண்ட் ஓக்ஸ் நடத்தினார். அவர் எங்கள் மலைப்பக்கத்து ஆள் இல்லை, கடற்கரைக்காரர், அதிகம் சிரிக்காதவர். ஒருநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, பீன்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றைப் பிரித்துக் காட்டினார். ஒரு காது. மெழுகுதான் என்று தெரிந்தும் நான் தட்டை நகர்த்தினேன்.

"முதல் நாள் எல்லாருக்கும் காதுதான் குடுப்பேன். பசங்க செஞ்சதெல்லாம் மிதிபட்ட மாவு மாதிரி இருக்கு. அந்த ஸ்டாம்பர் இதைச் செஞ்சு வச்சிட்டு, சரியில்லன்னு சொல்லிட்டு நிக்கிறாரு. யாருங்க அந்த ஆளு?"

நாற்காலியில் கீறல் அடைத்தவர் என்றேன். ஓக்ஸ் காதைத் திரும்பச் சுற்றினார்.

பிப்ரவரி கடைசியில் கார்லண்ட் கோர்ட்டு ஆபீசுக்குப் போய், லோவலின் மரண விசாரணை அறிக்கையின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினான். அதையும் பள்ளிக்கூடப் போட்டோவையும் ஓர் உறையில் போட்டு, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஓக்ஸ் மேசையில் வைத்தான். இதைச் செய்திருக்க முடியுமா என்று மட்டும் கேட்டானாம். யாருடையது என்று சொல்லவில்லை. குடும்பப் பேர் ஒன்றாக இருந்ததால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓக்ஸ் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். முடிந்திருக்கும், என்றார். லேசில்லை; இரண்டு நாள், இரண்டு ஆள் வேலை; ஆனால் முடிந்திருக்கும்.

அடுத்த வாரம் நான் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது தானும் வரலாமா என்று கார்லண்ட் கேட்டான். என் சித்தி அங்கே இருந்தாள், நான் வாரா வாரம் போகிறவள். ஓட்டோ டாலிவரும் அங்கேதான் இருந்தார். எண்பத்து நாலு வயது. அவர் கூடத்தை வெளியூர்க்காரர்களுக்கு விற்று வருடங்கள் ஆகியிருந்தன. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் முழங்காலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் கல்லூரி நர்சிங் மாணவி ஒருத்தி அவர் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் முடித்துப் போகிற வரை நின்றோம்.

கார்லண்ட் தன் பேரைச் சொல்லத் தொடங்கினான். கிழவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தெரியும். லோவல் அப்பா. பொணப் படிப்பு படிக்கிறியாமே."

"ஆமாங்க ஐயா."

"ஓக்ஸ்கிட்டயா? நல்ல ஆளுன்னு சொல்றாங்க."

"ஐயா, எங்க பையன் விஷயமா ஒண்ணு கேக்கணும்."

"நீ எப்ப வருவேன்னுதான் இருந்தேன்" என்றார் டாலிவர். ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். "எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தது எங்கப்பா. ஊசி போட, குளிப்பாட்ட, சட்டை மாட்ட, பவுடர் போட. முகம் கட்டுற வேலை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் பையனை மேசையில வச்சுக்கிட்டு ஒருநாள் பூரா நின்னேன். தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால முடியாதுன்னு சொல்லிட்டேன்."

கார்லண்ட் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டான்.

"தெரிஞ்சவன் ரெண்டு மணி நேரத் தூரத்துல இருந்தான். ஒரு போன் போட்டிருக்கலாம். போடல. அடுத்த வருஷம் பக்கத்துக் கவுண்டிக்காரங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு காலேஜுக்குப் போனேன். எங்க தொழிலுக்கு ஒரு படிப்பு வேணும், அதுல முகம் செய்யறது கட்டாயம் இருக்கணும்னு சொன்னேன். ஏன்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல."

எனக்கு அது ஞாபகம் வந்தது. தொண்ணூற்று நாலு வசந்தகாலம். கறுப்புக் கோட்டு போட்ட மூன்று பேர் என் கவுண்டரில் வந்து கல்லூரித் தலைவரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் எழுந்து நின்றேன். கல்லூரியின் சரித்திரம் என்று முன்கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பலகை இருக்கிறது. 1995, இறுதிச்சடங்குப் பணிப் படிப்பு தொடக்கம், வட்டாரத் தொழில்முனைவோரின் வேண்டுகோளின் பேரில், என்று அதில் ஒரு வரி. பத்து வருடமாக அதைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போய் வந்தேன்.

கார்லண்ட் குனிந்து கிழவரின் போர்வை நழுவியதைச் சரி செய்தான். வருகிறேன் ஐயா என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் லாரிக்குள் ஹீட்டர் சத்தம் மட்டும்தான். ஆற்று வளைவு வந்தபோது அவன் எப்போதும் போல வேகத்தைக் குறைத்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"கிளெண்டாகிட்ட இதச் சொல்லாத கார்லண்ட். பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஏதோ ஒரு மாதிரி ஆறிக் கெடக்கா. கிளறி என்ன ஆகப்போகுது?"

"அவ ஆறலிங்க."

"சரி, ஆறல. நீ சொன்னா ஆறிடுமா?"

"அன்னைக்கு அவ கேட்டா, மிஸ் லொரீன். ஒரு தரம் பாக்கட்டுமான்னு. ஒரே ஒரு தரம்தான் கேட்டா. நான்தான் வேணாம்னேன். பாத்தா அதுதான் ஞாபகத்துல நிக்கும்னு டாலிவர் சொன்னதை நானும் சொன்னேன். அவகிட்டருந்து அவனை மறைச்சு வச்சது நான். இப்ப இதையும் மறைச்சு வைக்கணுமா?"

என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

இதற்கு மேல் நடந்தது நான் பார்த்தது இல்லை. கிளெண்டா பிற்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக, சொன்னது. அதைச் சொல்வதற்கு முன் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். கார்லண்ட் படிப்பை முடித்தான். தேசியத் தேர்வில் முதல் தடவை தவறி, இரண்டாம் தடவை தேறினான். பட்டமளிப்பு அன்று தொப்பி அவன் தலைக்குச் சிறிதாக இருந்தது. பக்கத்துக் கவுண்டியில் ஒரு கூடத்தில் வேலை பார்க்கிறான்; கெட்டுப்போன முகம் என்றால் நாலு கவுண்டியிலிருந்தும் அவனைக் கூப்பிடுகிறார்கள். ஓட்டோ டாலிவர் அடுத்த கோடையில் இறந்தபோது அவருக்கு உடை மாட்டி, முகத்தைச் சவரம் செய்தது கார்லண்ட்தான்.

அந்த மார்ச் சனிக்கிழமைக்கு வருகிறேன். காலையிலிருந்து மழை. செம்மண் கரைந்து ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கிளெண்டா பன்றி எலும்பு போட்டுப் பிண்டோ பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தாள். சோளரொட்டி அடுப்புக்குள் இருந்தது. கார்லண்ட் தொப்பியைக் கழற்றாமல் வந்து மேசையில் உட்கார்ந்தான். அவள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்: அறிக்கை, ஓக்ஸ், டாலிவர். பெட்டியை மூடத் தான் போட்ட கையெழுத்தையும் சொன்னான்.

"செஞ்சிருக்கலாம், கிளெண்டா. அவருக்குத் தெரியல, அவ்வளவுதான். நீ பாத்திருக்கலாம். நான் வேற யாரையும் கேக்கல."

அவள் அடுப்பைத் தணித்தாள். கரண்டியைக் கழுவினாள். பிறகு அவனுக்கு முதுகு காட்டியபடியே சொன்னாள்.

"டாலிவர் என்னை உள்ள விட்டாரு."

"எப்ப?"

"அடக்கத்தன்னைக்குக் காலையில. நீ உங்க அண்ணன் வீட்டுல சட்டை மாத்திக்கிட்டு இருந்த. நான் பின்வாசல்ல போய் நின்னேன். போகமாட்டேன்னு சொன்னேன். முகத்தைத் துணியால சுத்தி மூடிட்டு, கைய மட்டும் எடுத்து வெளிய குடுத்தாரு. வலது கை. அதுக்கு ஒண்ணும் ஆகல. அப்படியே இருந்துச்சு. நகத்துல கிரீஸ் கூட இருந்துச்சு. புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"பன்னெண்டு வருஷம்" என்றான். "எங்கிட்ட நீ சொல்லல."

"நீ கேப்பேன்னு காத்திருந்தேன். எங்க போயிருந்தேன்னு ஒரு வார்த்தை கேப்பேன்னு. கேக்கல. அப்புறம் சொல்ற காலம் தாண்டிப் போச்சு. அப்புறம்..." நிறுத்தினாள். "அப்புறம் அது எனக்கு மட்டும்னு வச்சுக்கிட்டேன். நீதான் அவனை மூடுன. உனக்கு எதுக்கு அந்தக் கைன்னு தோணுச்சு. தப்புதான்."

அவன் எழுந்து வெளியே போனான். ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிக்குள் ஏறி உட்கார்ந்தான், என்ஜினைப் போடவில்லை. போய்விடுவான் என்றே நினைத்தாளாம். போனால் போகட்டும் என்றும் நினைத்தாளாம். பெரிய குரல் எடுத்து அழுகிற ஆள் இல்லை அவன். ஆனால் கண்ணாடிக்குள் அவன் தலை ஸ்டீயரிங்கில் கவிழ்ந்திருந்தது தெரிந்தது. மழை கண்ணாடியில் வழிந்து அதையும் மறைத்தது. சோளரொட்டியை வெளியே எடுத்து வைத்தாள். அது ஆறிப்போனது.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இந்தத் தடவை அவள் உட்கார்ந்திருந்தாள். மேசையில் லோவலின் போட்டோவை, வீட்டு முன்னறைச் சுவரிலிருந்து எடுத்து வந்து வைத்திருந்தாள்.

"அந்தக் கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

சொன்னாள். எவ்வளவு கனம், எவ்வளவு குளிர்ச்சி, கட்டை விரல் எப்படி உள்ளே மடங்கியிருந்தது என்று எல்லாம் சொன்னாள். அவன் தன் வலது கையை மேசைமேல் வைத்து அதை அப்படியே மடக்கிப் பார்த்தான். இல்லை, இன்னும் கொஞ்சம் என்று அவள் கை நீட்டி அந்த விரலை மடக்கினாள். ஒரு வருடமாக அந்தக் கையை அவள் தொட்டிருக்கவில்லை.

"இப்ப நீ சொல்லு" என்றாள். "உங்கிட்ட அவனைக் குடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பே? முதல்லருந்து சொல்லு."

அவன் தயங்கினான். அவள் போட்டோவை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் சொல்லத் தொடங்கினான். முதலில் கழுவுவது, வெதுவெதுப்பான தண்ணீரில், நெற்றியிலிருந்து கீழாக. கிழிந்த இடங்களை உள்பக்கமாகத் தைப்பது. எலும்பு உள்வாங்கிய இடத்தைச் சாந்து வைத்து நிமிர்த்துவது. ஒரு பகல் உலரவிட்டு, பிறகு மெழுகு. கன்னத்துக்கு ஒரு மெழுகு, மூக்குக்குக் கொஞ்சம் கடினமானது. நிறத்தை ஒரே பூச்சாகப் போடக் கூடாது. சிவப்பு முதலில், பழுப்பு பிறகு, வெயில் பட்ட இடத்துக்குத் தனியாக. வகுப்பில் சொல்கிற மாதிரி ஆரம்பித்தவன், போகப்போக அவன் மூக்கு, அவன் நெற்றி என்று பேசிக்கொண்டிருந்தான்.

"புருவத்தை ஒவ்வொரு மயிரா நடணும். போட்டோ பாத்து நடுவேன்."

"இடது புருவத்துல ஒரு இடத்துல மயிர் இருக்காது" என்றாள் கிளெண்டா. "ஏழு வயசுல கோழிக்கூண்டுக் கம்பியில கிழிச்சுக்கிட்டது."

"இதுல தெரியலையே."

"போட்டோக்காரன் மறச்சுட்டான். நீ மறச்சிராத."

"மறைக்க மாட்டேன்."

அடுப்பில் பீன்ஸ் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"வாயை எப்படி வைப்பே?" என்று கேட்டாள்.

உள்ளே ஒரு தையல் போட்டு உதட்டைச் சேர்த்து மூடுவார்கள், அதுதான் முறை என்றான்.

"அவன் தூங்குறப்பகூட வாயை முழுசா மூட மாட்டான்."

கார்லண்ட் போட்டோவை வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப கொஞ்சம் தெறந்தே வெக்கிறேன்" என்றான்.